ஸ்டுடியோவில் ஆள் இருக்கிறாரா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

மாறிவரும் ஊடக உலகில் வணிக வானொலியைத் தாங்கி நிற்கப்போவது புதிய தொழில்நுட்பமா, மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரா என்பது இன்றைய தலைப்பு. மனிதரே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஆப், பாட்காஸ்ட், ஸ்மார்ட் ஸ்பீக்கர், செயற்கை நுண்ணறிவு என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்கும்போது எனக்கே ஒரு கடையைத் திறந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் நேயர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் எதற்காக வானொலியைப் போடுகிறார் என்ற பக்கமே நண்பர் போகவில்லை.

அவர் சொன்னதில் சரியான ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாட்டுக்காக வானொலி கேட்ட காலம் முடிந்துவிட்டது. 2008-ல் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுக் கேட்கும் ஆப் வந்தது, அதைத் தொடர்ந்து இன்னும் பல வந்தன. எந்தப் பாட்டையும் நினைத்த நேரத்தில், நினைத்த இடத்திலிருந்து கேட்கலாம். பணம் கட்டினால் விளம்பரமும் கிடையாது. ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் காத்திருக்க இன்று யாருக்கும் தலையெழுத்து இல்லை. இதுவரை நானும் எதிரணியும் ஒன்றுதான். இதற்கு அடுத்த அடியில்தான் பிரிகிறோம். "அப்படியானால் நாமும் அவர்களைப் போலவே ஆகிவிட வேண்டியதுதான்" என்கிறார் நண்பர்.

ஆக முடியாது என்பது என் வாதம். கணக்கைப் பாருங்கள். கோபுரத்திலிருந்து ஒலிபரப்பினால் ஆயிரம் பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டருக்கு ஆகும் மின்கட்டணம் ஒன்றுதான். இணையத்தில் அப்படியில்லை. கேட்கிற ஆள் கூடக் கூட டேட்டா செலவு கூடும், பல நாடுகளில் பாட்டுக்கான உரிமத்தொகையும் கூடும். அந்தச் செலவைத் தாங்குவதற்கென்றே பெரும் முதலீட்டோடு இறங்கிய நிறுவனங்களோடு, அவர்கள் களத்தில், அவர்கள் விதிப்படி மோதச் சொல்கிறார்கள். இணையத்தில் இருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே போய் உட்கார்ந்தாலே ஜெயித்துவிடலாம் என்றால், பாட்டுப் பட்டியல் போடுவதில் கணினியை முந்துகிற நிலையம் ஒன்றை எதிரணி காட்டட்டும்.

வானொலிக்குச் சாவுமணி அடித்தது இது முதல் தடவையும் அல்ல. 1950-களில் அமெரிக்காவில் தொலைக்காட்சி வந்து நாடகம், நகைச்சுவை, பெரிய ஸ்பான்சர்கள் என எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. 1954-ல் டிரான்சிஸ்டர் விற்பனைக்கு வந்துதான் வானொலியைக் காப்பாற்றியது என்று நண்பர் சொன்னார். பாதிதான் உண்மை. சட்டைப்பைக்குள் வந்த அந்தப் பெட்டியில் என்ன கேட்டது? ஊருக்கு ஊர் ஒரு அறிவிப்பாளர், அவர் தேர்ந்தெடுத்த இசைத்தட்டு, நடுநடுவே அவர் அடித்த அரட்டை. பெட்டி வானொலியைப் பைக்குள் கொண்டுவந்தது, சரி. அதை அணைக்காமல் வைத்திருக்கக் காரணம் கொடுத்தவர் அந்த ஆள்.

அப்புறம் அந்த ஆளை என்ன செய்தோம்? இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1996-ல் அமெரிக்காவில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. சில ஆண்டுகளிலேயே ஒரே நிறுவனத்தின் கையில் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. இத்தனைக்கும் ஆள் போட்டால் கட்டுப்படியாகுமா? அதற்கு ஒரு தொழில்நுட்பம் கைகொடுத்தது. அதற்கு 'வாய்ஸ் டிராக்கிங்' என்று பெயர். ஒரு ஊரில் உட்கார்ந்திருப்பவர் வேறு பல ஊர்களுக்கான பேச்சை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார். கணினி அதைப் பாட்டுகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். கேட்பவருக்கு அவர் பக்கத்துத் தெருவில் இருப்பது போலவே இருக்கும்.

2002 ஜனவரி 18, பின்னிரவு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்ற ஊர். ஊருக்கு வெளியே சரக்கு ரயில் தடம்புரண்டு, அம்மோனியா ஏற்றிய டேங்கர்கள் உடைந்து, நச்சுப் புகை ஊருக்குள் வருகிறது. வெளியே வராதீர்கள், கதவு ஜன்னலை அடைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் சொல்ல வேண்டும். ஊரிலிருந்த ஆறு வணிக வானொலி நிலையங்களும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். போலீசார் தொலைபேசியில் அழைக்கிறார்கள், யாரையும் பிடிக்க முடியவில்லை. ஊர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, வானொலியில் வழக்கமான நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்.

நியாயமாக நிறுவனத்தின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அவசர எச்சரிக்கைக் கருவியைப் போலீசார் சரிவர அமைத்து வைத்திருக்கவில்லை, அதனால்தான் எச்சரிக்கை தானாகப் போகவில்லை என்றார்கள். இருக்கலாம். ஆனால் நடுவர் அவர்களே, இதை எதிரணி எப்படித் தங்களுக்குச் சாதகமாகச் சொல்ல முடியும்? கருவி என்றால் பழுதாகும், தப்பாக அமைக்கப்படும், அந்த நேரம் பார்த்துக் காலை வாரும். அப்படி வாரும்போது ஓடிப்போய் மைக்கைத் திறக்க ஒருவர் வேண்டும் என்பதுதானே எங்கள் கட்சி?

இவ்வளவு ஆள் குறைத்தும் என்ன மிச்சம் கண்டார்கள்? 2017 நவம்பரில் கியூமுலஸ், 2018 மார்ச்சில் ஐஹார்ட் என்று அந்நாட்டின் இரண்டு பெரிய வானொலி நிறுவனங்களும் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்தில் நின்றன. காரணம் நிலையங்களை வாங்கக் குவித்த கடன் என்று எதிரணி மறுக்கும். மெய்தான். ஆனால் ஆட்குறைப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதும் மெய்தானே? அறிவிப்பாளரை அனுப்பிவிட்டு மென்பொருள் வாங்குவது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற வேலை.

செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். நண்பர் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த பூரிப்பை அவை பார்த்தது. 2024 அக்டோபரில் போலந்தின் கிராக்கோவ் நகரில் 'ஆஃப் ரேடியோ' என்ற நிலையம், மனிதத் தொகுப்பாளர்களை அனுப்பிவிட்டு, கணினி உருவாக்கிய மூன்று பேரை வைத்து ஒலிபரப்பைத் தொடங்கியது. வணிக நிலையம் அல்ல, பொது வானொலியின் கிளை. ஆனாலும் பாடம் எல்லோருக்கும் பொது. அந்தப் போலித் தொகுப்பாளர் ஒருவர் நோபல் பரிசு பெற்ற கவிஞர் விஸ்லாவா சிம்போர்ஸ்காவைப் 'பேட்டி' கண்டார். கவிஞர் காலமானது 2012-ல். ஊர் கொந்தளித்தது. ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே கடையைக் கட்டினார்கள்.

சிட்னியில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே ஒரு வணிக நிலையத்தில் தை என்ற பெயரில் ஒரு குரல் மாதக்கணக்கில் நிகழ்ச்சி நடத்தியது. அது மனிதக் குரல் இல்லை என்பது 2025-ல்தான் வெளியே தெரிந்தது. நிலையம் தானாக நேயரிடம் சொல்லவில்லை. பார்த்தீர்களா, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று எதிரணி மார்தட்டும். நான் ஒன்றுதான் கேட்கிறேன். அவ்வளவு நல்ல சரக்கு என்றால் ஏன் மறைத்து விற்க வேண்டும்? 'எங்கள் புதிய கணினித் தொகுப்பாளர்' என்று ஊரெல்லாம் போஸ்டர் அடித்திருக்கலாமே! தெரிந்தால் நேயர் கேட்க மாட்டார் என்ற பயம்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது துட்டு விஷயம். வணிக வானொலி விளம்பரத்தில் பிழைக்கிறது. 1922-ல் நியூயார்க்கின் டபிள்யூஇஏஎஃப் நிலையத்தில், காசு வாங்கி ஒலிபரப்பிய தொடக்ககால விளம்பரம் ஒன்று போனது. ஜிங்கிள் இல்லை, இசை இல்லை. ஒருவர் மைக் முன் உட்கார்ந்து, அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வது எப்படியிருக்கும் என்று பேசினார். அவ்வளவுதான். நூறு ஆண்டு கழித்து, எதிரணி மூச்சுக்கு மூச்சு புகழ்கிற பாட்காஸ்டில் மதிப்புள்ள விளம்பரம் எது? நிகழ்ச்சி நடத்துபவரே தன் குரலில் சொல்கிற விளம்பரம். நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுபோய் நமக்கே பாடம் நடத்துகிறார்கள்!

கேட்பவரின் வயது, தேடல், வாங்கும் பழக்கம் எல்லாம் பார்த்து ஆளுக்கேற்ற விளம்பரம் கொடுக்கலாம் என்றார் நண்பர். கொடுக்கலாம். ஆனால் அந்தத் தகவல் கூகுளிடமும் மெட்டாவிடமும் மலையாகக் கிடக்கிறது. நாம் சேர்ப்பது அதில் ஒரு கைப்பிடி. அவர்களிடம் இல்லாதது, பல வருடம் தினமும் காலையில் கேட்டுப் பழகிய ஒரு குரல். அந்தக் குரல் 'நான் போய்ப் பார்த்தேன், நன்றாக இருந்தது' என்றால் நம்ப ஆள் இருக்கிறது. இதைச் சொல்லும்போதே எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். ஒரே இடைவேளையில் வரிசையாக எட்டு விளம்பரம் போட்டு, அந்தக் குரலையே அமுக்கிவிடுகிற நிலையங்கள் இருக்கின்றன. அதற்குத் தொழில்நுட்பம் குற்றவாளி இல்லை, பேராசைதான்.

அந்த ஆள் என்னதான் செய்கிறார் என்கிறீர்களா? பாட்டு முடிய 20 நொடி. போனில் ஒரு லாரி ஓட்டுநர்: பாலத்துக்கு அடியில் தண்ணீர், இரண்டு கார் நின்றுவிட்டது. அறிவிப்பாளருக்கு ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் ரிசீவர். "ஊருக்குள் வரும் பக்கமா, போகும் பக்கமா? தண்ணீர் எவ்வளவு உயரம்?" பதில் வருவதற்குள் ஒரு கை அடுத்த விளம்பரத்தைத் தள்ளிவைக்கிறது, இன்னொரு கை பாட்டின் ஒலியைக் குறைக்க ஃபேடரை இறக்குகிறது. மைக் திறக்கிறது: "பாலத்துப் பக்கம் போகாதீர்கள், முழங்கால் தண்ணீர், பழைய சாலையில் சுற்றிப் போங்கள்." வரைபட ஆப் இதைச் செய்யாதா என்று கேட்பார்கள். ஆப் சாலையைச் சிவப்பாகக் காட்டும். எதற்குச் சிவப்பு, தண்ணீர் எத்தனை அடி என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள்.

2025 ஏப்ரல் 28-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. மின்சாரம் போனது, செல்போன் தொடர்பும் இணையமும் பெருமளவு முடங்கின. மக்கள் பேட்டரி டிரான்சிஸ்டரைத் தேடி ஓடினார்கள், தெருவில் கூடி நின்று கேட்டார்கள். டிரான்சிஸ்டரும் தொழில்நுட்பம்தானே என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. ஆமாம் ஐயா, 70 வருடப் பழைய தொழில்நுட்பம். தலைப்பில் 'புதிய' என்று போட்டிருக்கிறது, நடுவர் குறித்துக்கொள்ளட்டும். அன்று ஜெனரேட்டர் ஓட, ஸ்டுடியோவில் ஆள் உட்கார்ந்து பேசியதால்தான் அந்தப் பெட்டிக்கு மதிப்பு.

காரிலும் இதே கதைதான். 2023-ல் ஃபோர்டு நிறுவனம் புதிய கார்களில் ஏ.எம். எனும் மத்திய அலை வானொலியை எடுத்துவிடப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. எதிர்த்தவர்கள் முக்கியமாக எதைச் சொன்னார்கள்? பாட்டு போய்விடும் என்றல்ல, ஆபத்து வேளையில் எச்சரிக்கை வராது என்று. டேஷ்போர்டில் நமக்கு இடம் பிடித்துக் கொடுத்தது அந்த வாதம். நாளைக்கு எச்சரிக்கை சொல்ல ஸ்டுடியோவில் ஆளே இல்லை என்று தெரிந்தால், எந்த முகத்தோடு அந்த இடத்தைக் கேட்போம்?

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கணக்கு. ஒரு சின்ன நிலையம். வருமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது. கையில் இருப்பது ஒரே ஒரு செலவுக்கான பணம். இரவுப் பணிக்கு ஓர் அறிவிப்பாளரை வைக்கலாம், அல்லது அந்த இரவைத் தானே ஓட்டும் மென்பொருளை வாங்கலாம். நண்பர் மென்பொருள் என்றுதான் சொல்வார். சொல்லட்டும். பின்னிரவில் அந்த நிலையத்துக்குப் போலீஸ் போன் செய்தால் எடுப்பது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகட்டும். அதைக் கேட்டபின் நடுவர் தீர்ப்பு வழங்கட்டும். நன்றி, வணக்கம்.