சிவப்பு மை இல்லாத பத்திரிகை

நேயர்களுக்கு வணக்கம்.

30 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். அந்த நாட்களில் ஒரு சிறுமி, தான் எழுதிய கதை நோட்டை என்னிடம் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தாள். பழக்க தோஷம். ல, ள, ழ தப்பிய இடங்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கதை நன்றாக இருந்தது என்று சொல்லவே இல்லை. அப்புறம் அவள் நோட்டைக் கொண்டுவரவே இல்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அங்கே ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடக்கிறது. பழைய நோட்டுகளில் மிச்சமான தாள்களைச் சேர்த்து ஊசி நூலால் தைத்தது. ஒரே ஒரு பிரதி. ஆளுக்கு இரண்டு நாள் என்று வீடு வீடாகப் போகும். அட்டையில் சாம்பார் கறையோடு திரும்பி வரும். கடைசி நான்கு பக்கத்தை வெறுமையாக விட்டிருப்போம், படித்தவர்கள் அபிப்பிராயம் எழுத. ஒரு பாட்டி நடுங்கும் கையெழுத்தில், "பேய்க் கதை போதவில்லை, இன்னும் கொஞ்சம் பயமுறுத்தவும்" என்று எழுதியிருந்தார். அந்தக் கதையை எழுதிய பையன் அதை எத்தனை பேரிடம் காட்டினான் தெரியுமா!

இது புதிய யோசனை இல்லை. ஒரு காலத்தில் நம் தெருக்களிலும் விடுதிகளிலும் கையெழுத்துப் பத்திரிகைகள் ஏராளம். அச்சில் வந்த சிறுவர் இதழ்களும் பிள்ளைகளை எழுத வைத்தன. கலைமகள் நிறுவனத்தின் 'கண்ணன்' இதழை எழுத்தாளர் ஆர்வி நடத்திய காலத்தில், அது வைத்த நாவல் போட்டியில் பரிசு வாங்கியவர்களில் ஒருவர், அப்போது பதின்வயதில் இருந்த எழுத்தாளர் அம்பை. பெரியவர்களுக்கான எழுத்தில் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பது உங்களுக்கே தெரியும்.

"தப்புத் தப்பாக எழுதுகிறார்களே, திருத்த வேண்டாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் திருத்தம் தானாகவே நடப்பதை நான் பார்க்கிறேன். ஒருவன் "மலை பெய்தது" என்று எழுதியிருந்தான். படித்த சிறுமி, "மலை எப்படிடா பெய்யும்?" என்றாள். அவன் அங்கேயே அடித்துவிட்டு "மழை" என்று எழுதினான். அந்த ழ இனி அவனுக்குத் தப்பாது. என் சிவப்பு மை அதைச் செய்ததில்லை. தன்னை ஒருவர் ஆசையாகப் படிக்கிறார் என்று தெரிந்த பிள்ளை, கேட்காமலே கவனமாக எழுதுகிறது.

படிப்பதும் அப்படித்தான். கதை முடிந்ததும் "நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். சினிமா பார்த்துவிட்டு வரும் நம்மிடம் யாராவது அப்படிக் கேட்கிறார்களா? படக்கதையே வேண்டும் என்றால் படக்கதையே படிக்கட்டும். படித்ததையே பத்தாம் முறை எடுத்தால், சரி, எடுக்கட்டும்.

போன இதழில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், காணாமல் போன ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதினான். குட்டி கிணற்றடியில் கத்துகிற இடத்தில் "தொடரும்" போட்டுவிட்டு, விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போய்விட்டான். இந்த வாரம் மூன்று பிள்ளைகள் என் வீட்டு வாசலுக்கே வந்து, குட்டி கிடைத்ததா என்று கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. அவன் திங்கட்கிழமை வருகிறான்.

வணக்கம்.