கால் தேறிவிட்டது, கை தேற வேண்டும்

அவையோருக்கு வணக்கம்.

ரோபோ குட்டிக்கரணம் அடிக்கிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, இனி எல்லா வேலையையும் இதுவே செய்துவிடும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ரோபோவை எடைபோட நான் முதலில் பார்ப்பது அதன் கையைத்தான்.

காலைப் பொறுத்தவரை பெரிய கவலை இல்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள ஈடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அனிமல் என்ற நாலுகால் ரோபோவுக்குக் கணினிக்குள் அமைத்த போலி உலகத்தில் நடை பழக்கினார்கள். அங்கே எத்தனை முறை விழுந்தாலும் எதுவும் உடையாது. அந்தப் பயிற்சியை நிஜ ரோபோவில் ஏற்றியதும், அது முன்பின் பார்த்திராத சேற்றிலும் பனியிலும் நடந்தது. 2020-ல் வெளியான ஆய்வு இது.

சரி, கைக்கு வருவோம். 1961-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் யூனிமேட் என்ற இயந்திரக் கை வேலைக்குச் சேர்ந்துவிட்டது. ஆனால் பொருள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே வாட்டத்தில் இருந்தாக வேண்டும். வீட்டில் கிடக்கும் சட்டை அப்படியா இருக்கும்? எடுக்கும்போதெல்லாம் வேறு விதமாகச் சுருண்டிருக்கும். முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க வழியில்லை. அப்புறம், எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதும் ஒரு சிக்கல்: இறுகினால் பொருள் நசுங்கும், தளர்ந்தால் நழுவும்.

இதற்குத் தொடு உணர்வு வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஆடெல்சன் குழு உருவாக்கிய ஜெல்சைட் உணரியைப் பாருங்கள். விரல்நுனியில் மெத்தென்ற ஒரு ஜெல் பட்டை, அதன்மேல் மெல்லிய பூச்சு, உள்ளே சின்ன விளக்குகளும் ஒரு கேமராவும். பொருளைத் தொட்டதும் ஜெல் அமுங்கும். அந்தப் பதிவைக் கேமரா உள்ளிருந்து படித்துவிடும். 2014-ல் இதைப் பொருத்திய ரோபோ, தொங்கிக்கொண்டிருந்த யுஎஸ்பி கம்பியைப் பிடித்துத் துளையில் சரியாகச் செருகியது. எனக்கு எந்தக் குட்டிக்கரணத்தையும்விடப் பெரிய சாதனை அதுதான்.

அடுத்த சிக்கல் பயிற்சி. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் கற்க இணையத்தில் எழுத்து கொட்டிக் கிடக்கிறது. கை அசைவுகளுக்கு அப்படி ஒரு சேமிப்பு கிடையாது. மனிதர் செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. 2023-ல் வந்த அலோஹா என்ற இரட்டை ரோபோ கைகள் அப்படித்தான் கற்றன: ஒரு வேலைக்குப் பத்து நிமிட அளவு செய்துகாட்டினால், பேட்டரியைப் பொருத்துவது போன்றவற்றைப் பெரும்பாலான முறை சரியாகச் செய்தன. அதே ஆண்டில் பல ஆய்வகங்கள் சேர்ந்து 22 வகை ரோபோக்களின் பதிவுகளைப் பொதுவில் வைத்தன. இந்தப் பகிர்வு தொடர வேண்டும். ஆளாளுக்குப் பூட்டிவைத்தால் கை தேறவே தேறாது.

இது ஏன் அவசரம் என்று கேட்பீர்கள். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தில் 2011-ல் உருகிய எரிபொருள் ஏறக்குறைய 880 டன் இருக்கும் என்பது மதிப்பீடு. கதிர்வீச்சால் மனிதர் அதை நெருங்க முடியாது. 2024 நவம்பரில்தான், தூண்டில்கோல்போல நீளும் ஒரு கருவியைத் தொலைவிலிருந்து இயக்கி, முதல் மாதிரியை வெளியே எடுத்தார்கள். அதன் எடை சுமார் 0.7 கிராம். மீதி அத்தனையையும் தொட்டு, பிரித்து, எடுத்துவர வேண்டியது ரோபோவின் கைதான்.