விண்வெளியில எடுத்த கழுத்து டாப்ளர், ரத்தம் ஓடாம நின்ன கதை

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கேன்னு சொன்னாலே வயித்துல குழந்தை பாக்குறதுன்னு தான் நம்ம வீட்ல எல்லாம் நெனைப்பாங்க, நான் இந்த ஸ்கேன் வேலையில இருக்குறதால கழுத்து டாப்ளர், அதாவது கழுத்துக் குழாய்ல ரத்தம் எப்படி ஓடுதுன்னு பாக்குற ஸ்கேன், அத பத்தி பேசணும்னு ரொம்ப நாளா ஆசை, அதுலயும் மூளையில இருந்து இதயத்துக்கு ரத்தம் இறங்கி வர்ற ஜுகுலர் வெயின் இருக்குல்ல, இன்னைக்கு அது தான்.

கழுத்துல ரெண்டு பக்கமும் இது இருக்கு, ஒட்டினாப்ல மூளைக்கு ரத்தம் கொண்டு போற கரோட்டிட் ஆர்ட்டரி துடிச்சிட்டு இருக்கும். ஆர்ட்டரிக்கு சுவர் கெட்டி, லேசா அழுத்தினா அப்படியே நிக்கும். வெயின் வயலுக்கு தண்ணி விடுற நீல ஹோஸ் மாதிரி, உள்ள ஓடினா உப்பும், இல்லன்னா தட்டையாயிடும். ப்ரோப, அதான் கழுத்துல வச்சு எடுக்குற ஸ்கேன் கருவிய, கொஞ்சம் அழுத்திட்டா போதும், ஸ்க்ரீன்ல குழாயே காணாம போயிடும், அப்புறம் எத அளக்குறது? அதனால ஜெல்ல தாராளமா போட்டு ப்ரோபோட வெயிட் கூட கழுத்து மேல விழாம புடிக்கணும், இதுக்கு கை பழகணும்ங்க. அதே சமயம் உள்ள ரத்தக்கட்டி இருக்கான்னு பாக்க வேணும்னே அழுத்துவோம், நல்ல வெயின்னா மூடிக்கும், கட்டி இருந்தா மூடாது.

வேகம் எப்படி தெரியுதுன்னா, ப்ரோப்ல இருந்து போற ஒலி ஓடுற ரத்த அணுக்கள் மேல பட்டு திரும்பி வரும்போது அதோட ஃப்ரீக்வென்சி மாறிடும், அந்த மாற்றத்துல இருந்து மெஷின் கணக்கு போடுது. ரத்த ஓட்டத்துக்கும் ஒலி போற பாதைக்கும் (பீம்) 60 டிகிரிக்குள்ள ஆங்கிள் இருக்கணும், 90ல நேர் குத்தா வச்சீங்கன்னா ஓடுற ரத்தமும் ஓடாத மாதிரி தெரியும். கலர்ல வர்ற சிவப்பு நீலம் ப்ரோப் பக்கம் வருதா விலகிப் போகுதான்னு தான் சொல்லுது, சிவப்பா இருக்கேன்னு ஆர்ட்டரின்னு முடிவு பண்ணிடக் கூடாது.

சரி இப்ப விஷயத்துக்கு வரேன். நாம படுத்திருந்தா பெரும்பாலும் ஜுகுலர் வழியா தான் ரத்தம் இறங்கும், எழுந்து உக்காந்தா அது சுருங்கிடும், முதுகெலும்பு பக்கத்துல இருக்குற வெயின்கள் வேலைய எடுத்துக்கும். இதெல்லாம் புவியீர்ப்பு பண்றது. அது இல்லாத இடத்துல? 2019ல ஜாமா நெட்வொர்க் ஓபன்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, சர்வதேச விண்வெளி நிலையத்துல இருந்த 11 பேருக்கு கழுத்துல டாப்ளர் பாத்தாங்க, போய் 50 நாள் வாக்குல 6 பேருக்கு இடது ஜுகுலர்ல ரத்தம் தேங்கி நிக்குது இல்லன்னா பின்னாடி போகுது! ஒருத்தருக்கு கட்டியே அடைச்சிருந்துச்சு. அவருக்கு வலி கிலி எதுவும் கிடையாது, ஆய்வுக்காக ஸ்கேன் எடுக்கப் போய் தான் தெரிஞ்சுது, எடுக்காம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, இத படிச்சப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு.

கட்டி கலைஞ்சு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து, அங்க டாக்டர்கிட்ட ஓடவா முடியும்? நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துல ரத்தக்கட்டி சிகிச்சை பாக்குற ஸ்டீஃபன் மோல்கிட்ட நாசா கேட்டாங்க. நிலையத்துல ரத்தம் உறையாம தடுக்குற எனாக்ஸாபரின் ஊசி மருந்து கொஞ்சம் தான் இருந்துச்சு, அத அளந்து அளந்து போட்டு சுமார் 40 நாள் ஓட்டினாங்க, அப்புறம் சரக்கு விண்கலத்துல அதே மாதிரி ரத்தம் உறையாம தடுக்குற அபிக்ஸாபன் மாத்திரை வந்துச்சு. ஒருநாள் அந்த விண்வெளி வீரரே மோல் வீட்டுக்கு போன் பண்ண, அவர் மனைவி எடுத்து, விண்வெளியில இருந்து போன்னு சொல்லி குடுத்தாங்களாம்.

இதுல எனக்கு பெருமையான விஷயம், சிகிச்சை நடந்த அவ்வளவு நாளும் அந்த வீரரே தன் கழுத்துல ப்ரோப வச்சு எடுத்தார், கீழ இருந்து ரேடியாலஜி டீம் வழி சொல்லி படத்த பாத்தாங்க. கட்டி சின்னதாச்சு, ஆனா 90 நாள் மருந்து போட்டும் ரத்தம் தானா ஓடல. பூமிக்கு திரும்பினதும் பாத்தா மிச்சக் கட்டி குழாய் சுவரோட ஒட்டி தட்டையா கிடந்துச்சு, மேற்கொண்டு மருந்து தேவைப்படல, 10 நாள் கழிச்சு பாத்தப்ப அதுவும் இல்ல.

2019 ஆய்வுலயே இன்னொன்னும் பண்ணாங்க, இடுப்புக்கு கீழ காத்தழுத்தத்த குறைச்சு ரத்தத்த கால் பக்கம் இழுத்து பாத்தாங்க, 17 தடவைல 10 தடவை கழுத்து ஓட்டம் நல்லாச்சு. மீதி ஏன் ஆகலன்னு கண்டுபிடிக்குறவரைக்கும், நீண்ட பயணம் போறவங்க ஒவ்வொருத்தர் கழுத்துலயும் ப்ரோப வச்சு பாத்துட்டே இருக்கணும்ங்கறது தான் என் கருத்து.