நாலரைக் கட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

வாழ்நாள் முழுக்க ஒரே சுருதியில்தான் வாசிப்பேன், நாலரைக் கட்டையை விட்டு நகர மாட்டேன் என்று ஒரு இசையமைப்பாளர் சொன்னால் என்ன நினைப்போம்? போய் இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டு வரட்டும் என்போம். அமெரிக்காவில் அப்படி ஒருவர் சுமார் 1500 பாட்டு எழுதினார். இர்விங் பெர்லின். சொல்லும் அவரே, மெட்டும் அவரே.

1888இல் ரஷ்யப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் நியூயார்க் வந்து இறங்கினார். வழிபாட்டில் பாடுபவரான அப்பா, பையனுக்கு 13 வயதானபோது போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் மதுக்கடைகளில் காசுக்குப் பாட்டு; சைனாடவுனில் பாடிக்கொண்டே பரிமாறும் வேலை. 1907இல் முதல் பாட்டு அச்சானது. அவர் பங்குக்குக் கிடைத்தது 37 சென்ட்.

நொட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு, எழுதத் தெரியாது. விரல் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே ஓடும். வேறு சுருதி வேண்டுமென்றால்? அதற்கென்றே செய்த பியானோ வைத்திருந்தார். ஒரு நெம்புகோலைத் திருப்பினால் போதும். விரல் பழைய கட்டையிலேயே இருக்கும், ஒலி வேறு சுருதியில் வரும். அந்தப் பியானோவுக்கு ‘ப்யூக்’ என்று காரின் பெயரை வைத்துக் கூப்பிட்டார். அவர் வாசிக்க வாசிக்க, உதவியாளர் ஒருவர் தாளில் எழுதிக்கொள்வார்.

கைக்கு எட்டியது இவ்வளவுதான் என்பதால் சரக்கு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். 1926இல் வந்த ‘ப்ளூ ஸ்கைஸ்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். சொல்லெல்லாம் நீல வானம், பறவைகள், காதல் வந்த சந்தோஷம். மெட்டு மட்டும் மைனர் என்கிற சுரவரிசையில், சோகச் சாயலோடு தொடங்குகிறது. அடியில் பேஸ் என்கிற கீழ்க்குரல் அரை அரைச் சுரமாகப் படியிறங்குகிறது. வரிகள் முடிகிற இடத்தில்தான் மேஜர் என்கிற தெளிவான சுரவரிசைக்கு வந்து முகம் தெளிகிறது. மழை விட்ட பிறகும் ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம். வெறும் குதூகலமாக இருந்திருந்தால் அந்தப் பாட்டை இத்தனை ஜாஸ்காரர்கள் எடுத்து வாசித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

சரி, எல்லாருக்கும் தெரிந்த பாட்டுக்கு வருவோம். ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’, அதாவது பனி பெய்து ஊரே வெள்ளையாகும் கிறிஸ்துமஸ். 1942இல் ‘ஹாலிடே இன்’ படத்தில் பிங் கிராஸ்பி பாடியது. அதற்கு ஒரு முன்பகுதி உண்டு, பலர் பாடுவதில்லை. அதில் ஒருவர் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் நல்ல வெயிலில் இருக்கிறார். ஆரஞ்சு மரம், பனைமரம், பச்சைப் புல். தேதியோ டிசம்பர் 24. வடக்கே போகத் துடிக்கிறார். இதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு வாழ்த்து அட்டை. சேர்த்துக் கேட்டால்தான் ஊரை விட்டு வந்தவனின் ஏக்கம் தெரியும்.

யூதரான பெர்லினுக்குக் கிறிஸ்துமஸ் சொந்தப் பண்டிகை அல்ல. 1928இல் அதே கிறிஸ்துமஸ் நாளில்தான் அவருடைய கைக்குழந்தை, ஒரு மாதம்கூட நிறையாத மகன், இறந்துபோனான். பாட்டுக்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம்தான். ஆனால் தெரிந்துகொண்ட பிறகு, அந்த நிதானமான மெட்டை முன்போலக் கேட்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடல் கடந்து போயிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அந்தப் பாட்டை வானொலியில் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். பெர்லின் 1989இல், 101 வயதில் காலமானார். அதற்குள் அவருடைய பாட்டு அவர் நினைத்தே பார்த்திராத வேலையெல்லாம் செய்துவிட்டது. 1975 ஏப்ரல் கடைசியில், வியட்நாம் போரின் முடிவில், சைகோன் நகரம் விழும் தறுவாயில், அங்கிருந்த அமெரிக்கர்களுக்கு வானொலி வழியாக ஒரு சைகை ஏற்பாடாகியிருந்தது. வெப்பநிலை 105 டிகிரி, இன்னும் ஏறுகிறது என்று ஓர் அறிவிப்பு வரும். பின்னாலேயே ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ ஒலிக்கும். காதில் விழுந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.