கௌவர் தெருவில் திறந்த கதவு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியின் சான்றோர்களே, என் அணித் தோழர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"இலண்டன் மாநகரில் உயர்கல்வியின் கதவைத் திறந்தது யூனிவர்சிட்டி கல்லூரியா, கிங்ஸ் கல்லூரியா?" என்பது இம்மன்றத்தின் முன் உள்ள வினா. கௌவர் தெருவில் இருக்கும் யூனிவர்சிட்டி கல்லூரி 1826இல் தோன்றியது. ஸ்ட்ராண்ட் சாலையில் இருக்கும் கிங்ஸ் கல்லூரி 1829இல் அரச பட்டயம் பெற்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இந்த இரண்டில் முன்னதன் பக்கம் நின்று வழக்காட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வுப் பெருமைகளை அழகாக எடுத்துரைத்தார். இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1860 முதல் 1865 வரை அங்கே பேராசிரியராக இருந்ததையும், மரபுப் பொருளான டி.என்.ஏ.வின் வடிவத்தைக் காட்டிக்கொடுத்த 51ஆம் எண் எக்ஸ்-கதிர்ப் படம் 1952இல் ரோசலிண்ட் பிராங்க்ளினின் மேற்பார்வையில் அங்கே எடுக்கப்பட்டதையும் சொன்னார். அவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. மறுப்பவன் அறிவியலுக்கே நன்றி இல்லாதவன் ஆவான். ஆனால் நடுவர் அவர்களே, நம்மிடம் கேட்கப்பட்டது உள்ளே போனவர்கள் என்ன சாதித்தார்கள் என்பதா, உள்ளே போக யாருக்கு வழி கிடைத்தது என்பதா? கதவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், அது திறப்பதற்கு முன் வெளியே நின்றவர்கள் யார் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1820களில் இங்கிலாந்தில் இருந்த பல்கலைக்கழகங்கள் இரண்டே: ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ். ஆக்ஸ்போர்டில் சேரும்போதே, இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 சமயக் கோட்பாடுகளை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். கேம்பிரிட்ஜில் படிக்க விடுவார்கள். பட்டம் வாங்கும்போது திருச்சபையைச் சார்ந்தவர் என்று உறுதி தர வேண்டும். கத்தோலிக்கர், யூதர், குவேக்கர், இன்னும் திருச்சபையோடு ஒத்துப்போகாத கிறித்தவர் அனைவருக்கும் அந்தக் கையெழுத்து ஒரு பூட்டு. ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் என்ற யூத இளைஞர் 1837இல் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். பட்டம் கிடைத்ததா? கிடைக்கவில்லை. அவர் கையில் கேம்பிரிட்ஜ் பட்டத்தைக் கொடுத்தது 1872இல். சமயச் சோதனைகளை நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் நீக்கியதற்கு அடுத்த ஆண்டு. தேர்வு எழுதும்போது இளைஞராக இருந்தவர், பட்டம் வாங்கும்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சிலர்தாம் யூனிவர்சிட்டி கல்லூரியைக் கட்டினார்கள். வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஹென்றி புரூம், கவிஞர் தாமஸ் கேம்பெல், யூதப் பெருவணிகர் ஐசக் லயன் கோல்ட்ஸ்மிட் ஆகியோர் முன்னின்றார்கள். அரசன் கொடுத்த பணம் அதில் இல்லை. 100 பவுண்டு வீதம் பங்குகளை விற்றுத் திரட்டிய பணத்தில் எழுந்தது அது. அங்கே சமயப் பாடமும் இல்லை, சமயச் சோதனையும் இல்லை. மாணவர்கள் விடுதியில் தங்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே வந்து படிக்கலாம் என்பதால் செலவு பெருமளவு குறைந்தது. நகரத்தின் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை, வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் அறிவார்கள். அதனால்தான் மேட்டுக்குடியினர் அதை, இலண்டனின் எளிய மக்களைக் குறிக்கும் சொல்லால், "காக்னி கல்லூரி" என்று ஏளனம் செய்தார்கள். "கடவுளற்ற நிறுவனம்" என்ற வசையும் வந்தது. மெய்யியலாளர் ஜெரமி பெந்தாம் அதை நிறுவியதாகப் பலர் நம்புகிறார்கள், அது சரியன்று. அவருடைய கருத்துகள் அங்கே வேர் பிடித்தன என்று சொல்வதே பொருத்தம்.

1828இல் வகுப்புகள் தொடங்கியபோது கணிதப் பேராசிரியராக அமர்ந்தவரைப் பற்றி இந்த அவையில் நான் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அவர் பெயர் அகஸ்டஸ் டி மார்கன். பிறந்தது நம் மதுரையில், 1806ஆம் ஆண்டில். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை போயிற்று. ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. கணங்களுக்கான டி மார்கன் விதிகளை எழுதிப் படித்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அவர் பிறந்த ஊர் தெரியும்? கேம்பிரிட்ஜில் கணிதத்தில் நான்காம் இடம் பெற்றும், முதுகலைப் பட்டத்துக்கான சமய உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்ததால் அங்கே மேற்கொண்டு செல்ல வழியில்லாமல் நின்றார். அப்படி நின்றவரைக் கௌவர் தெரு அழைத்துப் பேராசிரியர் இருக்கையில் அமர்த்தியபோது அவருக்கு 21 வயது. அவர் பாடம் நடத்திய முதல் ஆண்டு வகுப்பில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பின்னாளில் கேம்பிரிட்ஜ் பட்டம் மறுக்கப்பட்டதாக நான் சொன்னேனே, அந்தச் சில்வெஸ்டர்தான் அவன். அவரையும் 1838இல் கௌவர் தெருவே அழைத்துப் பேராசிரியர் ஆக்கியது.

டி மார்கன் ஒவ்வொரு பாடம் முடிந்த பிறகும் மாணவர்களுக்குக் கணக்குகளைக் கொடுப்பார். அவர்கள் செய்து தரும் தாள்களைத் தாமே திருத்தித் திருப்பிக் கொடுப்பார். மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போடுவது அவருக்குப் பிடிக்காது. வெளியே நிறுத்தப்பட்ட ஒருவருக்கு இருக்கை கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

இனி கிங்ஸ் கல்லூரிக்கு வருகிறேன். அது ஏன் பிறந்தது? "கடவுளற்ற" கல்லூரிக்கு மாற்றாகத் திருச்சபையின் கல்லூரி ஒன்று இலண்டனுக்கு வேண்டும் என்பதற்காகப் பிறந்தது. நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆதரவு தந்தார். பிரதமர் வெலிங்டன் கோமகனும் பேராயர்களும் துணை நின்றார்கள். எதிரணித் தோழி ஒருவர், வெலிங்டன் கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை தந்தவர் என்றும், அதற்காக 1829 மார்ச் 21 அன்று பேட்டர்சீ வெளியில் வின்செல்சி பிரபுவோடு துப்பாக்கி ஏந்தி இருவர் போரிலும் இறங்கினார் என்றும் நினைவூட்டினார். உண்மைதான். ஆனால் அந்தப் போர் ஏன் மூண்டது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். திருச்சபையைக் காக்கும் கல்லூரி என்று நம்பி ஆதரித்த வின்செல்சி, கத்தோலிக்கருக்கு உரிமை தரும் திட்டத்தை மறைக்கக் கல்லூரியைத் திரையாகப் பயன்படுத்தினார் என்று வெலிங்டனைப் பழித்து எழுதினார், அதுவே காரணம். வெலிங்டனின் பெருந்தன்மை நாடாளுமன்றத்தில் வென்றது. கல்லூரிக்குப் பணம் கொடுத்தவர்கள் எதை எதிர்பார்த்துக் கொடுத்தார்கள் என்பதைத்தான் பேட்டர்சீ வெளி காட்டுகிறது.

கிங்ஸ் கல்லூரியில் வேறு சமயத்தவரும் வந்து பாடம் கேட்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாடம் சொல்பவர்? கீழை மொழிகள், நவீன மொழிகள் போன்ற சில துறைகள் நீங்கலாக, ஆசிரியர்கள் ஆங்கிலிக்கன் திருச்சபையினராக இருந்தாக வேண்டும். இந்த விதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அகலவில்லை. கேட்பதற்கு மட்டும் இடம் தந்து, சொல்வதற்கு இடம் தராத கதவைப் பாதிக் கதவு என்றுதான் நான் சொல்வேன். திருச்சபையைச் சேர்ந்த எஃப். டி. மாரிஸ் கூட, இறந்தபின் வரும் தண்டனை முடிவற்றது என்ற கருத்தை ஐயுற்று எழுதியதற்காக, 1853இல் அங்கே பேராசிரியர் பதவியை இழந்தார்.

இந்த இரு கல்லூரிகளின் போட்டியில் பிறந்த மூன்றாவது ஒன்றைப் பற்றி எதிரணி பேசவே இல்லை. நம் வரையில் அதுவே முதன்மையானது. கௌவர் தெரு பட்டம் வழங்கும் உரிமை கேட்டது. பழைய பல்கலைக்கழகங்கள் எதிர்த்தன. அரசு இணக்கம் கண்டு, 1836இல் இலண்டன் பல்கலைக்கழகம் என்ற தனி அமைப்பை உருவாக்கியது. இரண்டு கல்லூரிகளும் பாடம் நடத்தும். பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் தரும். எந்த வகுப்பினர், எந்தச் சமயத்தினர் என்ற வேறுபாடு சிறிதும் இன்றி அனைவருக்கும் என்று அதன் பட்டயம் சொல்கிறது. அந்தச் சொற்கள் ஸ்ட்ராண்டின் கொள்கையா, கௌவர் தெருவின் கொள்கையா என்பதை நடுவர் அவர்களின் முடிவுக்கே விடுகிறேன். 1858இல், மருத்துவம் நீங்கலாக, எந்தக் கல்லூரியிலும் சேராதவரும் தேர்வு எழுதலாம் என்ற நிலை வந்தது.

1854ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை இந்தியாவுக்கு முன்மாதிரியாகக் காட்டியது இந்த அமைப்பைத்தான். அதன்படியே 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. கல்லூரி பாடம் நடத்த, பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும் "இணைப்புக் கல்லூரி" முறை நமக்கு வந்த வழி இது. அந்த முறையின் குறைகளை நாம் இன்றும் சுமக்கிறோம் என்பதை அறிவேன். ஆனாலும் ஒன்றை மறக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர், பின்னாளில் கலித்தொகையை அச்சேற்றித் தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் பட்டம் வாங்கியபோது எந்தச் சமயத்தின் கோட்பாட்டையும் முன்னால் நீட்டி யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. அதே ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் சில்வெஸ்டருக்குப் பட்டம் தராமல்தான் இருந்தது.

பெண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1832இல் கிங்ஸ் கல்லூரியில் சார்லஸ் லயல் நடத்திய நிலவியல் சொற்பொழிவுகளுக்குப் பெண்களும் வந்தார்கள். அடுத்த ஆண்டே கல்லூரி அவர்களுக்குத் தடை விதித்தது. யூனிவர்சிட்டி கல்லூரி 1878இல், மருத்துவமும் பொறியியலும் நீங்கலாக, ஆண்களோடு சமமாகப் பெண்களைச் சேர்த்தது. அவற்றை விலக்கி வைத்தது தவறு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். சரோஜினி நாயுடு கிங்ஸில் படித்ததை எதிரணித் தோழி பெருமையோடு குறிப்பிட்டார். அந்தப் பெருமை நம் எல்லோருக்கும் உரியது. ஆனால் அவர் சென்ற 1890களில் கிங்ஸின் மகளிர் துறை ஸ்ட்ராண்டில் நடக்கவில்லை. கென்சிங்டனில் தனியாக நடந்தது.

எதிரணித் தலைவர் இறுதியாக ஒரு கூர்மையான குற்றச்சாட்டை வைத்தார். மனிதரில் உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்று தரம் பிரித்த கால்டனின் இனமேம்பாட்டு இயலுக்கு இடம் கொடுத்தது யூனிவர்சிட்டி கல்லூரி அன்றோ என்று கேட்டார். ஆம், கொடுத்தது. கட்டடங்களுக்குச் சூட்டிய கால்டன், அவர் வழி நின்ற பியர்சன் ஆகியோரின் பெயர்களை 2020இல் நீக்கியது. 2021இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பு மிகவும் காலம் தாழ்ந்து வந்தது என்பதே என் கருத்து. அனைவருக்கும் கதவைத் திறந்த இடத்தில் அப்படியொரு இயல் வளர்ந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

1866இல் நடந்ததும் அப்படி வலிக்கும் ஒன்றுதான். மெய்யியல் பேராசிரியர் பதவிக்குத் தகுதி மிக்கவராக ஜேம்ஸ் மார்ட்டினோ இருந்தார். அவர், கடவுள் மூவராக இருக்கிறார் என்பதை ஏற்காத யூனிட்டேரியன் சபையின் போதகர் என்ற காரணத்தால் கல்லூரி ஆட்சிக்குழு அவரை ஒதுக்கியது. ஸ்ட்ராண்டில் மாரிஸை இழந்தது விதியைக் காப்பதற்காக. கௌவர் தெருவில் மார்ட்டினோவை ஒதுக்கியது தன் விதியைத் தானே மீறி. இரண்டும் ஒன்றுதானே என்று எதிரணி கேட்கலாம். கேட்கட்டும். மாரிஸை நீக்கியது தவறு என்று சொல்லக் கிங்ஸ் கல்லூரியின் விதியில் ஒரு சொல்லும் உதவாது. மார்ட்டினோவை ஒதுக்கியது தவறு என்று சொல்லக் கௌவர் தெருவின் அடிக்கல்லே போதும்.

அதைச் சொன்னவர் மதுரையில் பிறந்த அந்தக் கணிதப் பேராசிரியர்தான். நீண்ட காலம் அமர்ந்திருந்த இருக்கையை, தமக்கு எந்தத் தீங்கும் நேராத நிலையில், வேறொருவருக்கு நேர்ந்த அநீதிக்காக டி மார்கன் துறந்தார். தாம் கல்லூரியை விட்டுப் போகவில்லை, கல்லூரிதான் தம்மை விட்டுப் போய்விட்டது என்ற பொருளில் எழுதினார். அவருடைய பழைய மாணவர்கள் கல்லூரியில் வைப்பதற்காக அவர் உருவப்படத்தை வரையச் செய்ய விரும்பி, இசைவு கேட்டார்கள். தாம் அறிந்த கல்லூரி இப்போது இல்லை என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்தப் படம் மாட்டப்படாமல் போன சுவரை நடுவர் அவர்களின் முன் என் சான்றாக வைத்து, அமர்கிறேன். நன்றி, வணக்கம்.