ஜிந்தன் ராணி எங்கே அடங்கினார்?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

நாடு கடத்திய அன்றோடு ராணி ஜிந்தன் கௌரின் அரசியல் முடிந்துவிட்டது என்று எதிரணித் தங்கச்சி கண் கலங்கப் பேசிவிட்டுப் போயிருக்கிறா. கைதட்டலும் வாங்கினா. சரி, முடிந்துபோன மனுசிக்கு எதற்கு அத்தனை காவல்?

பஞ்சாபின் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கின் கடைசி மனைவி அவர். 1843இல் ஐந்து வயது மகன் துலீப் சிங்கை லாகூர் அரியணையில் இருத்தி, பஞ்சாபையே ஆண்டவர். 1846 டிசம்பரில் வெள்ளைக்காரன் ஒப்பந்தம் போட்டு, வருசம் ஒன்றரை லட்சம் ரூபாய் தருகிறோம், பேசாமல் இரும் என்று ஓரங்கட்டினான். இருந்தாரா? அடுத்த ஆகஸ்டில் தர்பார் கூடுகிறது, வெள்ளைக்காரனுக்கு வேண்டிய தளபதி தேஜ் சிங்குக்கு ராஜா பட்டம், துலீப்தான் பொட்டு வைக்க வேண்டும். அவ்வளவு பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பெடியன் கையைக் கட்டிக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்துவிட்டான்! தாய் சொல்லிக்கொடுத்த வேலை என்று வெள்ளைக்காரனுக்கு விளங்கிவிட்டது. அதோடு தாயையும் பிள்ளையையும் பிரித்து, அவரை ஷேக்குபுரா கோட்டையில் அடைத்தார்கள். பணமும் 48,000 ஆனது.

திருகோணமலைக் கோணேசரைக் கும்பிடவே பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிப் போகிற ஆட்கள் நாங்கள், கோட்டை மதில் எப்படியிருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அந்த மதிலும் போதாதென்று பஞ்சாபை விட்டே கடத்திக் காசிக்கு, பிறகு சுனார் கோட்டைக்கு. அங்கிருந்தும் 1849 ஏப்ரலில் வேலைக்காரி வேசத்தில் தப்பி நேபாளம் போய்ச் சேர்ந்தார்.

தங்கச்சி விட்டுவிட்ட இடம் ஒன்று இருக்கிறது. 1861, கல்கத்தா. பார்வை மங்கிய தாயைப் பார்க்க, கிறிஸ்தவராகி ஆங்கிலேயத் துரையாகவே வளர்ந்துவிட்ட மகன் வந்து ஒரு ஹோட்டலில் தங்குகிறார். சீனப் போர் முடிந்து திரும்பிய சீக்கியச் சிப்பாய்கள் கேள்விப்பட்டு ஹோட்டல் முன்னால் திரண்டு கோஷம் போட, அரசாங்கம் பதறி, தாயையும் கூட்டிக்கொண்டு அடுத்த கப்பலிலேயே இங்கிலாந்துக்குப் போய்விடுங்கள் என்றது. ராச்சியமும் இல்லை, படையும் இல்லை, கண்ணும் தெரியாது. அந்த மனுசிக்குத்தான் இந்தப் பயம்!

1863இல் லண்டனில் இறந்தார், பரிதாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் தாய் வந்த பிறகுதான் துலீப் பஞ்சாபில் தன் குடும்பச் சொத்து என்ன ஆனது என்று கேட்கத் தொடங்கினார். 1886இல் இந்தியாவுக்கே புறப்பட்டவரை வழியில் ஏடன் துறைமுகத்தில் மறித்தார்கள். அங்கேயே அவர் மறுபடி சீக்கியரானார். ஜிந்தனின் அரசியல் எப்போதோ முடிந்ததென்றால் ஏடனில் யாருக்குப் பயந்து மறித்தார்கள்? அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணை இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும், நடுவர் அவர்களே.