ஒரே ஒரு பாடம்

நேயர்களுக்கு வணக்கம்.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து, பினாங்குப் பாலத்தைக் கடந்து பிறைக்குத் திரும்பும் வழியில் சிலர் இப்போது இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நானும் பதினாறு ஆண்டுகளாக அந்தப் பாலத்தைக் கடக்கிறவன். தொழிற்சாலை ஒன்றில் கணினி வலையமைப்பைப் பராமரிக்கிறேன். பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம், பிறகு ஒரு டிப்ளோமா, அதோடு படிப்பு நின்றுவிட்டது. பட்டம் பெறவில்லை. ஆனால் இணையப் பாதுகாப்பில் பல்கலைக்கழகப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துவருகிறேன். அப்படிப் படிக்க வழி இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

என்னை அந்த வழியைத் தேடவைத்தது என் சின்னம்மாவுக்கு நேர்ந்த இழப்பு. 2022 தீபாவளிக்கு முன்பு வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் தேடினார். கைப்பேசியில் வந்த விளம்பரத்தைத் தொட்டு, ஒரு செயலியைப் பதிவிறக்கினார். முன்பணம் கட்ட வங்கியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது; வங்கியின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறந்தது; பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார். குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருந்தார். பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பிய டிஏசி எண் அவர் கண்ணில் படும் முன்பே திருடர்கள் கைக்குப் போய்விட்டது. மோசடிக்கு ஆளானவர்கள் உடனே அழைப்பதற்கான 997 எண் அந்த அக்டோபரில்தான் தொடங்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. “ஐயா, நீ கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கிறாய், இது எப்படி நடந்தது?” என்று சின்னம்மா கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த இரவுதான் படிக்க முடிவு செய்தேன்.

முழுப் பட்டப்படிப்புக்கு எனக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, தனிப் பாடத்துக்கு மட்டும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அப்படித்தான் வலையமைப்புப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். மூன்று கிரெடிட். நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு; வகுப்பு, வாசிப்பு, பயிற்சி, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். ஆக 120 மணி நேரம். பதினான்கு வாரத்துக்குப் பிரித்தால் வாரம் எட்டரை மணி. ஷிப்ட் வேலைக்காரனுக்கு இது சின்ன எண் அல்ல. சேரும் முன்பே மனைவியோடு உட்கார்ந்து நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

ஏன் பாதுகாப்புப் பாடத்தில் நேரே சேரவில்லை என்று கேட்பீர்கள். பூட்டைப் பற்றிப் படிக்குமுன் கதவு எப்படித் திறக்கிறது என்று தெரிய வேண்டும். பத்தாண்டுக்கு மேல் வலையமைப்பிலேயே வேலை செய்த எனக்குக்கூட, ஒரு தகவல் பொட்டலம் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை அந்தப் பாடத்தில்தான் முழுதாக விளங்கியது.

அடுத்து எடுத்தது ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் இணையப் பாதுகாப்புப் பாடவரிசை. இணையத்தில் இலவசம், பின்லாந்துக்குப் போக வேண்டாம். நிரல் எழுதும் அடிப்படை வேண்டும். அதற்கும் அவர்களே பைத்தான் என்ற நிரல்மொழிப் பாடத்தை இலவசமாக வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு செயல்திட்டம் உண்டு. அதை நினைத்தால் இன்றும் மனம் துள்ளுகிறது. நீங்களே ஓர் இணையச் செயலியை எழுத வேண்டும். அதில் ஐந்து பாதுகாப்புக் குறைகளை வேண்டுமென்றே வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் எப்படிச் சரிசெய்வது என்று காட்ட வேண்டும். நான் வைத்த குறைகளில் ஒன்று, கடவுச்சொற்களை அப்படியே சேமிப்பது. தரவுத்தளத்தைத் திறந்தால் எல்லாம் பச்சையாகத் தெரிந்தன. திருத்தும்போது கடவுச்சொல்லை ஹேஷ் ஆக்கினேன். அதாவது, திரும்பப் பிரிக்க முடியாதபடி அரைத்துவிடுவது. தேங்காயைத் துருவியபின் மறுபடி தேங்காயாக்க முடியாதல்லவா, அதுபோல. ஆனால் இருவர் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தால் அரைத்த மாவும் ஒன்றாகவே இருக்கும். ஒருவருடையதைக் கண்டுபிடித்தால் மற்றவருடையதும் அகப்பட்டுவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறான ஒரு சீரற்ற எழுத்துத்தொடரைச் சேர்த்து அரைக்கிறார்கள். அதற்கு ‘உப்பு’ என்றே பெயர். வீடியோ பார்த்து இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். உடைந்த செயலியை நானே கட்டி, நானே திருத்தியதால்தான் அது என் கைக்குள் வந்தது. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விரிவுரையாளர் யார் என்று பார்ப்பதைவிட, என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பாருங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம், கணினி அமைப்புப் பாதுகாப்பு என்ற தன் 6.858 பாடத்தின் 2014ஆம் ஆண்டு விரிவுரைகளையும் பயிற்சிகளையும் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. உங்கள் விடையைத் திருத்த ஆள் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால் சரக்கு அசல். ஸ்டான்ஃபோர்டின் டான் போனே நடத்தும் குறியாக்கப் பாடத்திலும் சேர்ந்தேன். இரண்டாம் வாரத்தில் நின்றுவிட்டேன். நிகழ்தகவுக் கணக்கு எனக்குப் போதவில்லை.

பணம் கட்டும் முன் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: முடித்தால் கையில் என்ன கிடைக்கும்? வெறும் வருகைச் சான்றா, மதிப்பிடப்பட்ட கிரெடிட்டா? படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மலேசியத் தகுதி முகமை, சிறு பாடங்களுக்குத் தரப்படும் நுண்சான்றிதழ்களுக்கு 2020இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நீங்கள் எடுக்கும் பாடம் அங்கீகாரம் பெற்ற ஒரு படிப்பின் பகுதியா, பிற்பாடு பட்டத்தில் சேர்ந்தால் அந்தக் கிரெடிட்டை எடுத்துக்கொள்வார்களா, எத்தனை ஆண்டு வரை என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். “பல்கலைக்கழகச் சான்றிதழ்” என்ற சொல்லை நம்பிப் பணத்தைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கையில் இருப்பது வெறும் தாள்.

கட்டணத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மனிதவள மேம்பாட்டு நிறுவனத்துக்குப் பல முதலாளிகள் மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டைப் பயிற்சி வரியாகச் செலுத்துகிறார்கள். அது உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவதில்லை. ஆனால் உங்கள் பயிற்சிக்காகத்தான் போகிறது. எல்லாப் பாடத்துக்கும் பயன்படுத்த முடியாது. ஆனாலும் மனிதவள அதிகாரியிடம் போய்க் கேளுங்கள். கேட்கத் தயங்குவது நம் மக்களிடம் நான் காணும் பெருங்குறை. அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், வங்கி, மருத்துவம், போக்குவரத்து, தண்ணீர் உள்ளிட்ட 11 துறைகளின் முக்கிய நிறுவனங்களை ஆண்டுதோறும் இடர் மதிப்பீடு செய்யச் சொல்கிறது. அங்கே வேலை செய்கிறவர் கேட்டால் மேலாளர் காது கொடுத்துக் கேட்பார்.

சின்னம்மாவின் பணம் திரும்பவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் போன ஆண்டு பதில் சொன்னேன். அவருடைய பழைய கைப்பேசியையே எடுத்து, அனுமதிகள் எங்கே இருக்கின்றன, எதை மூட வேண்டும் என்று காட்டினேன். இப்போது அவர் தன் கோயில் தோழிகளுக்குக் காட்டுகிறார்.

அடுத்த மாதம் நிகழ்தகவுப் பாடம் ஒன்று தொடங்குகிறது. பதிந்துவிட்டேன். அது முடிந்ததும், நின்றுபோன குறியாக்கப் பாடத்தின் இரண்டாம் வாரத்துக்குத் திரும்பப் போகிறேன்.

வணக்கம்.